கதை இல்லாமல் பாட்டில் தரமாட்டார்கள்

அந்த வட்டாரத்து ஒயின் அந்த வட்டாரத்தில் கிடைக்காது. கடைத்தெருவில் கேட்டால் கையை விரிப்பார்கள். விமான நிலையத்தில், பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிய பிறகு, கண்ணாடிக் கதவு போட்ட ஒரே ஒரு கடையில் மட்டும்தான் விற்பனை. ஊரை விட்டுப் போகிறவன் என்பதற்கு அத்தாட்சியாகப் போர்டிங் அட்டையை நீட்ட வேண்டும். வட்டாரத்தின் பெருமையை வட்டாரத்துக்காரனே குடித்துத் தீர்த்துவிடக் கூடாது என்பது ஒயின் மாண்புக் கழகத்தின் முதல் விதி.

கவாத்துக்காரன் பத்தொன்பது வருடம் அந்தச் சரிவுகளில் திராட்சைக் கொடி வெட்டியவன். குளிரில் கவாத்து, வெயிலில் மருந்தடிப்பு, அறுவடையில் கூடை. கூடை சுமந்து சுமந்து வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை இறங்கிப் போயிருந்தது. அந்த ஒயினில் ஒரு சொட்டு அவன் நாக்கில் பட்டதில்லை. இன்றைக்கு ஒரு பாட்டில் வேண்டும். விமானம் கிளம்ப ஒன்றரை மணி நேரம் இருந்தது.

கேட்டவள் தங்கச்சி.

"ஆறாம் தொட்டி சரக்குல ஒரு பாட்டில் வாங்கிட்டு வாண்ணே," என்று நேற்று போனில் சொன்னாள். "எதை எடுக்கப் போயி எம் புருசன் செத்தாருன்னு நான் பாக்கணும்."

"பாத்து என்னம்மா செய்யப் போற?"

"அவங்க அனுப்பின லெட்டருக்குப் பக்கத்துல வைக்கப் போறேன்."

தங்கச்சி புருஷன் ஒயின் ஆலையில் தொட்டிக்காரன். ஒயினை வடித்த பிறகு தொட்டியின் அடியில் தோலும் கொட்டையுமாக இடுப்பளவு சக்கை நிற்கும். மேல் வாய் வழியாக ஏணி போட்டு இறங்கி அதை வாரி வெளியே தள்ள வேண்டும். புளித்த சக்கை ஒரு வாயுவை விடும். அதற்கு நிறம் கிடையாது, சத்தம் கிடையாது. ஆளை உட்கார வைக்கும், எழுந்திருக்க விடாது. அதனால் தொட்டிக்காரர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. இறங்குவதற்கு முன் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள். சுடர் நின்றால் இறங்கலாம். அணைந்தால் மேலேயே உட்கார்ந்து சீட்டாடலாம்.

போன வருடம் மாண்புக் கழகம் மெழுகுவத்தியைத் தடை செய்தது. மெழுகு வாடை ஒயினின் நறுமணத்தைக் கெடுக்கிறதாம். பதிலுக்கு வாயு அளக்கும் கருவி ஒன்று வாங்கினார்கள். உசத்தியான கருவி. தொழிலாளி கையில் கொடுத்தால் உடைத்துவிடுவான் என்று மேலாளர் அறையில், கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்தார்கள். ஆலையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவார்கள்.

அறுவடை மாதம் பதினோராம் தேதி மத்தியானம் மாப்பிள்ளை ஆறாம் தொட்டிக்குள் இறங்கினான். ஏறவில்லை. சக்கையில் முகம் புதைந்து இரண்டு மணி நேரம் கிடந்தவனைத் தூக்கி வெளியே போட்டபோது அவன்மேல் ஒயின் வாடை அடித்தது. ஆலை மருத்துவர் குனிந்து மோந்து பார்த்து, மோந்ததை எழுதினார். அதை வைத்து ஆலை தங்கச்சிக்குக் கடிதம் போட்டது: 'தொட்டியில் வாயு எதுவும் இல்லை. மது அருந்திய நிலையில் தவறி விழுந்தார்.'

மாப்பிள்ளை குடிக்கமாட்டான். "பகல் பூரா நான் அதுக்குள்ள நிக்கிறேன் மச்சான். அப்புறம் அது வேற எனக்குள்ள வந்து நிக்கணுமா?" என்பான். இப்போது தெருவில் தங்கச்சி குடிகாரன் பெண்டாட்டி. பள்ளிக்கூடத்தில் அவள் பிள்ளை குடிகாரன் மகள்.

ஆறாம் தொட்டியில் போட்டது இளம் ஒயின். ஏழு வாரத்தில் பாட்டிலுக்கு வந்துவிடும். மாப்பிள்ளையின் உடலை ஊருக்கு அனுப்புகிற காகிதங்கள் முடியவும் ஏழு வாரம் பிடித்தது. ஒயின் ஒரு நாள் முந்திக்கொண்டது. இன்றைய விமானத்தில் கவாத்துக்காரன் மேலே இருபத்தேழாம் வரிசையில் போகிறான். மாப்பிள்ளை கீழே, சரக்கு அறையில்.

பாதுகாப்புச் சோதனையில் கவாத்துக்காரனின் லைட்டரைப் பிடுங்கிக்கொண்டு, "உள்ள நெருப்பு கூடாது" என்றார்கள். அவன் கொண்டுவந்த ஒரே பையை இரண்டு தடவை எந்திரத்துக்குள் விட்டுப் பார்த்தார்கள். அதில் மாப்பிள்ளையின் ரப்பர் பூட்சு இருந்தது. ஆலை திருப்பிக் கொடுத்த ஒரே பொருள் அதுதான்.

ஒயின் கடை வாசலில் ஒரு துப்புரவுக்காரம்மா வழவழப்பான அட்டைகளைக் கூட்டி மூட்டையில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது, இவ்வளவு காகிதம்?"

"காகிதமில்ல தம்பி, கதை. பாட்டிலுக்கு ஒண்ணு குடுப்பாங்க. எல்லாரும் பாட்டில எடுத்துக்குவாங்க, கதைய எனக்கு விட்டுட்டுப் போவாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு மூட்டை. எங்க வீட்டுக்காரரு இத்தனை வருசமா விட்ட கதையெல்லாம் சேத்தாக்கூட இவ்வளவு தேறாது."

உள்ளே விற்பனைப் பெண் கழுத்தில் ஒயின் நிறத் துணி கட்டியிருந்தாள். போர்டிங் அட்டையைப் பார்த்துவிட்டுக் கைகூப்பினாள்.

"வணக்கம் சார். வட்டாரத்தின் ஆன்மாவைச் சந்திக்கத் தயாரா?"

"ஆறாம் தொட்டியில ஒரு பாட்டில் வேணும்மா."

"வேணும்னு சொல்லக் கூடாது சார். சந்திக்க விரும்புறேன்னு சொல்லணும்."

"சரி, சந்திக்க விரும்புறேன். எவ்வளவு?"

காதில் கெட்ட வார்த்தை விழுந்தவள்போல அவள் முகம் சுருங்கியது. "விலை அஞ்சாவது நிலை சார். நாம இன்னும் முதல் நிலைக்கே வரல."

முதல் நிலை, கை. வெந்நீரில் நனைத்த வெள்ளைத் துண்டால் அவன் கைகளைத் துடைத்தாள். துண்டு வெள்ளையாகவே இருந்தது, கையும் மாறவில்லை. நகக்கண்ணிலும் உள்ளங்கை ரேகையிலும் கருநீலம் ஏறிக் கிடந்தது.

"என்ன கறை சார் இது? ஒயின் பக்கத்துல வெளிக் கறை எதுவும் வரக் கூடாது."

"இது உங்க ஒயின்தாம்மா. பாட்டிலுக்குப் போறதுக்கு முன்னாடி."

அவள் ஒரு புத்தகத்தைப் புரட்டினாள். அப்படி ஒரு கறைக்கு விதி எழுதப்பட்டிருக்கவில்லை. கடைசியில் அவன் கையில் வெள்ளை உறை மாட்டிவிட்டு, ஒரு வட்ட மேசைக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

இரண்டாம் நிலை தொடங்கியது. அவள் தீக்குச்சி கிழித்து மேசைமேல் இருந்த மெழுகுவத்தியை ஏற்றினாள். கவாத்துக்காரன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான்.

"இங்க நெருப்பு கூடாதுன்னு என் லைட்டரப் பிடுங்கிட்டாங்களே?"

"ஒயினுக்கு விலக்கு இருக்கு சார். பாட்டில் கழுத்த சுடருக்கு மேல பிடிச்சு ஊத்தினாத்தான் வண்டல் வருதான்னு தெரியும்."

"மெழுகு வாடை ஒயினக் கெடுக்காதா?"

"என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? மெழுகுவத்திதான் ஒயினுக்குச் செய்யற மரியாதையே."

அவன் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தான். அது ஆடாமல் அசையாமல் நின்று எரிந்தது. இறங்கலாம் என்று அர்த்தம்.

மூன்றாம் நிலைக்குச் சுவை அதிகாரியே வந்தார். சட்டையில் வெள்ளித் திராட்சைக் கொத்து. அவருடைய மூக்குக்குக் கழகம் காப்பீடு செய்திருந்தது. தொட்டிக்காரர்களின் மூக்கு அந்தப் பட்டியலில் சேரவில்லை.

கோப்பையின் அடியில் ஒரு விரல் அளவு ஊற்றி நீட்டினார். "குடிக்க வேண்டாம். மோந்து பாத்துச் சொல்லுங்க, என்ன தெரியுது? பயப்படாதீங்க. சாதாரண ஜனங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அது அவங்க தப்பில்ல."

கவாத்துக்காரன் மோந்தான். "துத்தம்," என்றான். இன்னொரு தடவை மோந்தான். "சுண்ணாம்பு. அப்புறம் ரப்பர் பூட்சு. மழையில நனைஞ்சு ரெண்டு நாள் கிடந்த சாக்கு."

அதிகாரியின் கண் விரிந்தது. "கனிமம்! சுண்ணப்பாறை! பதப்படுத்திய தோல்! மழைக்குப் பிந்திய வனம்! எழுதிக்கோம்மா, எழுதிக்கோ. இவருக்குப் பிறவி மூக்கு. எங்க படிச்சீங்க சார்?"

"எங்கயும் படிக்கலீங்க. துத்தமும் சுண்ணாம்பும் கலக்கி அந்தக் கொடிக்கு மருந்தடிச்சவன் நானு."

"அடக்கம்! ஞானிகளுக்கே உள்ள அடக்கம்!" என்று அதிகாரி அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

ஒலிபெருக்கியில் அவனுடைய விமானத்துக்கு முதல் அழைப்பு வந்தது. கவாத்துக்காரன் கையுறையைக் கழற்றப் போனான்.

"பாட்டில குடுங்கய்யா, கிளம்புறேன். கீழ மாப்பிள்ளை வேற இருக்காரு."

"நாலாம் நிலை இருக்கே? கதை! கதை இல்லாம நாங்க பாட்டில் தரமாட்டோம். கதை இல்லாத ஒயின் வெறும் புளிச்ச சாறு. உங்க மாப்பிள்ளையும் ஒயின் பிரியரா?"

"இல்லீங்க. குடிக்கவே மாட்டாரு."

"அப்ப கவலைய விடுங்க. குடிக்காதவங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி. காத்திருப்பாரு."

அதிகாரி எழுந்து நின்றார். இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, வலது கையில் வழவழப்பான அட்டையைப் பிடித்துப் படித்தார்.

"'ஆறாம் தொட்டி! இது வெறும் தொட்டியல்ல, ஒயினின் கருவறை. ஒயினை வடித்த பின்னும் சக்கையின் மூச்சு அடங்கவில்லை. அறுவடை மாதம் பதினோராம் தேதி காலை பத்து மணிக்கு, எங்கள் கதைப் பிரிவினர் புகைப்படத்துக்காக உள்ளே இறக்கிய மெழுகுவத்தி, மூன்று முறை ஏற்றியும் மூன்று முறை அணைந்தது. அத்தனை வீரியம்! அதன் பின் அந்தச் சக்கை எவர் கையும் படாமல் இரண்டு நாள் தனிமையில் தவமிருந்தது. அந்தத் தவத்தைப் பிழிந்ததே உங்கள் கோப்பையில் இருக்கும் ஆழம்.'"

அட்டையின் பின்பக்கத்தில் படமும் இருந்தது. இருட்டுத் தொட்டி, கயிறு, அணைந்த திரியிலிருந்து ஒரு நூல் புகை. அழகான படம்.

கவாத்துக்காரன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். "அந்த மெழுகுவத்தி வரிய இன்னொரு தடவை படிங்க."

அதிகாரி இன்னும் உருக்கமாகப் படித்தார்.

"காலையில பத்து மணிக்கா?"

"பத்து மணி."

"மூணு தடவையும் அணைஞ்சிடுச்சா?"

"மூணு தடவையும்!"

"அத யாருகிட்டயாவது சொன்னாங்களா?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. "யாருகிட்ட சொல்லணும்? உலகத்துக்கே அச்சடிச்சுச் சொல்லியிருக்கோமே!"

"இல்லீங்க, ஆலையில மெழுகுவத்தி கூடாதுன்னு தடை இருக்குன்னு..."

"தொழிலாளிங்களுக்குத் தடை. கதைப் பிரிவுக்கு இல்ல. அவங்க படிச்சவங்க. எந்த அளவுக்கு ஏத்தணும்னு அவங்களுக்குத் தெரியும்."

"அந்த ரெண்டு நாள் தொட்டிய ஏன் யாரும் தொடல?"

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். ரகசியம் சொல்வதில் அவருக்கு ருசி இருந்தது. "அது நிர்வாகக் காரணம். எவனோ குடிச்சிட்டு உள்ள விழுந்துட்டானாம், போலீஸ் வந்து சீல் வச்சிட்டாங்க. அதெல்லாம் விபத்துப் பிரிவு. விபத்துப் பிரிவுக்கும் கதைப் பிரிவுக்கும் பேச்சே கிடையாது. பேசினா கதையோட தூய்மை கெட்டுப்போகும். ஆனா ஒண்ணு சார், நல்ல ரசிகர்ங்கறதால சொல்றேன். இந்த ஒயின் பதக்கம் வாங்கியிருக்கு. அந்த ரெண்டு நாள் ஊறலைன்னா அது கிடையாது. அடுத்த அறுவடைக்கும் ரெண்டு நாள் அப்படியே விடலாமான்னு கமிட்டியில யோசனை நடக்குது."

"அதுக்கு எவனாவது விழணுமேய்யா?"

"சேச்சே, விழவெல்லாம் வேண்டாம். பூட்டினாலே போதும்," என்று அதிகாரி விளக்கினார். ஒரு சந்தேகத்தை விட்டுவைக்கிற ஆள் அல்ல அவர்.

இரண்டாவது அழைப்பு வந்தது. கவாத்துக்காரன் எழுந்திருக்கவில்லை. உறை மாட்டிய விரலால் அட்டையைக் காட்டினான்.

"இதுல இருக்கிறது நெசந்தானா? இல்ல, விக்கிறதுக்காக எழுதினதா?"

அதிகாரியின் முகம் சிவந்தது. "என்ன பேசுறீங்க? கழகத்தோட மாண்பு என்னாகறது? ஒவ்வொரு சொல்லும் ஆலைப் பதிவேட்டோட ஒத்துப் பாத்தது. தேதி, மணி, எல்லாம். சரி பாத்தவனே நாந்தான்."

"அப்ப அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்களேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்தக் கடையில் பதினொரு வருடம். பாட்டிலில் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்கள், கழிப்பறைக்கு வழி கேட்டிருக்கிறார்கள், கதையில் கையெழுத்துக் கேட்டவன் ஒருவனும் இல்லை. அட்டையின் ஓரத்தில் அழகான எழுத்தில் எழுதினார்: 'இதில் உள்ள யாவும் பதிவேட்டின்படி உண்மை.' கையெழுத்துப் போட்டார்.

"பேரு புரியற மாதிரி எழுதுங்க. பதவியும்."

எழுதினார்.

"தேதி. அப்புறம் முத்திரை."

முத்திரையை ஊதி ஈரமாக்கி அழுத்தினார். "உங்கள மாதிரி நாலு பேரு இருந்தாப் போதும் சார், இந்த வட்டாரம் எங்கயோ போயிடும்," என்று சொல்லிவிட்டு, வாசலில் வந்து நின்ற ஒரு கும்பலின் கைகளைப் பார்க்கப் போனார்.

ஐந்தாம் நிலை சீக்கிரம் முடிந்தது. அவன் பேரம் பேசவில்லை. விற்பனைப் பெண் பாட்டிலைத் துணியில் சுற்றினாள். சுற்றிக்கொண்டே, நிமிராமல், சின்னக் குரலில் கேட்டாள்.

"சார், கீழ மாப்பிள்ளை இருக்காருன்னீங்களே. கீழன்னா எங்க?"

"சரக்கு அறையில."

அவள் கை நின்றது. அதிகாரி இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பாட்டிலைச் சுற்றி முடித்தாள்.

"அட்டைய சட்டை மேல் பையில வைக்காதீங்க சார். உள் பையில வைங்க," என்றாள். மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள். அதிகாரிக்குக் கேட்கிற குரலில், "தங்கள் பயணம் ஆழமாக அமையட்டும்," என்றாள். அது விதி.

விமானம் ஏறும் கேட்டுக்கு அவன் ஓடினான். வரிசை முடிந்திருந்தது. சீருடைக்காரர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"பை ஒண்ணு, பாட்டில் ஒண்ணா? உங்க டிக்கெட்டுக்குக் கையில ஒரு உருப்படிதான்."

"ஒண்ணு பூட்சுதாங்க."

"எதுவா இருந்தா என்ன, ஒண்ணுதான்." அவர் பையைத் திறந்து பார்த்தார். முழங்கால் வரைக்கும் கருநீலக் கறை. அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. "இத யாருய்யா சுமப்பா? தூக்கிப் போட்டுட்டுப் போங்க. அது பதக்கம் வாங்கின ஒயினு."

பக்கத்துத் தூணோரம் அந்தத் துப்புரவுக்காரம்மா மூட்டையோடு நின்றிருந்தாள். கவாத்துக்காரன் பாட்டிலை அவளிடம் நீட்டினான்.

"இந்தாங்கக்கா."

"ஐயையோ, எனக்கு வேண்டாம்பா. நான் இந்த ஊருக்காரி. இத நான் கையில வச்சிருந்தா வேல போயிடும்."

"அப்ப குப்பையில போடுங்க."

"குப்பையிலயும் போடக் கூடாது. அதுக்குத் தனியா ஒரு விதி இருக்கு." அவள் பாட்டிலையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "எல்லாரும் பாட்டில எடுத்துக்கிட்டுக் கதைய விட்டுட்டுப் போவாங்க. நீ என்னப்பா?"

"எனக்குக் கதை போதுங்கக்கா," என்று பாட்டிலைத் தூணுக்கடியில் வைத்துவிட்டு நடந்தான்.

இருபத்தேழாம் வரிசை ஜன்னலிலிருந்து சரக்கு ஏற்றுவது தெரிந்தது. ஆறாம் தொட்டி என்று அச்சடித்த அட்டைப்பெட்டிகள் முதலில் போயின. எல்லாவற்றிலும் சிவப்பில் ஒட்டியிருந்தது: மெதுவாகக் கையாளவும், கவிழ்க்காதே. ஏற்றுகிறவன் ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் அணைத்து எடுத்து வைத்தான். கடைசியாக நீளப் பெட்டி வந்தது. அதில் ஓர் எண் மட்டும்தான். அதை அவன் காலால் உதைத்து உள்ளே தள்ளினான். அவனைக் குறை சொல்ல முடியாது. ஒட்டியிருப்பதைப் படித்து வேலை செய்கிறவன் அவன்.

போன் அடித்தது.

"கிடைச்சுதாண்ணே?"

"பாட்டில் இல்லம்மா. விட்டுட்டு வந்துட்டேன்."

"நான் கேட்டது அது ஒண்ணுதானேண்ணே."

"வேற ஒண்ணு கொண்டாறேன். அவங்களே அச்சடிச்சு, அவங்களே கையெழுத்துப் போட்டது. படிக்கிறேன், கேளு."

உள் பையிலிருந்து அட்டையை எடுத்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன். விரலை வைத்துக்கொண்டுதான் வரும். பதினோராம் தேதி, காலை பத்து மணி, மெழுகுவத்தி, மூன்று முறை. கையெழுத்தையும் பதவியையும்கூட விடாமல் படித்தான்.

தங்கச்சி கேட்டாள்:

"அவரு எத்தனை மணிக்குண்ணே இறங்கினாரு?"

"மத்தியானம். சாப்பாட்டுக்கு முன்னாடி."

பணிப்பெண் வந்து நின்றாள். "சார், போனை அணைச்சிடுங்க. கதவு மூடியாச்சு."

"இன்னொரு தடவை படிண்ணே," என்றாள் தங்கச்சி. "இரு, ஸ்பீக்கர்ல போடுறேன். பெட்டி வருதுன்னு தெருவே இங்கதான் நிக்குது."

"சார், உங்களைத்தான் சொல்றேன்."

கவாத்துக்காரன் பூட்சுப் பையை மடியில் நிமிர்த்தி வைத்து, அதன்மேல் அட்டையை வைத்துக்கொண்டான். தோட்டத்தில் இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவுக்குக் கூப்பிடுகிற குரல் அவனுக்கு உண்டு. அந்தக் குரலில், முன் வரிசைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, "காலை பத்து மணிக்கு" என்று ஆரம்பித்தான்.